லாகின் திரை திரும்பத் திரும்ப வருவது ஒரு பழுது, வைனில் மென்பொருள் மறைவது இன்னொன்று

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை நிறுவி மூன்று வாரம் நன்றாக ஓட்டியிருக்கிறீர்கள். கணக்கு எழுதும் விண்டோஸ் மென்பொருள் ஒன்றை, விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் வழியாக நிறுவினீர்கள். முதலில் ஓடியது, கொஞ்சம் பதிவும் செய்தீர்கள். பிறகு அதன் ஜன்னல் ஒரு கணம் தோன்றி மறைய ஆரம்பித்தது. தேடிக் கிடைத்த கட்டளைகளை, சிலவற்றுக்கு முன்னால் சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் சொல்) சேர்த்து, ஓட்டிப் பார்த்தீர்கள். அதற்கு நடுவில் ஒரு அப்டேட்டும் வந்தது. இப்போது கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தாலும் திரை ஒருமுறை இருண்டு மறுபடி லாகின் பக்கத்திலேயே நிற்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவலாமா, இல்லை விண்டோஸுக்கே போய்விடலாமா என்பது கேள்வி.

அழிப்பதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். வைனில் நிறுவிய மென்பொருள் எழுதிய கணக்கு பெரும்பாலும், உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ‘.வைன்’ என்ற கோப்புறையில், ‘டிரைவ்_சி’ என்பதற்குள்தான் இருக்கும். டிஸ்கை அழித்தால் அதுவும் போய்விடும். மின்ட்டை நிறுவப் பயன்படுத்திய அதே யூஎஸ்பியில் பூட் செய்து, நிறுவாமல் ‘லைவ்’ நிலையிலேயே திறந்து, ஹோம் கோப்புறையை முழுதாக வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்துவிடுங்கள். ஹோம் கோப்புறையை நிறுவும்போதே என்கிரிப்ட் செய்திருந்தால் அங்கே கோப்புகள் நேராகத் தெரியாது. அப்படியென்றால் கீழே சொல்லும் எழுத்துத் திரையில் லாகின் செய்து நகல் எடுங்கள். நகல் கையில் வந்த பிறகு என்ன செய்தாலும் பயமில்லை.

பல ஆண்டுகளாக அலுவலகக் கணினிகளில் லினக்ஸ் டெஸ்க்டாப்பைப் பராமரிப்பது என் வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிப் பழுதுகள். வைன் சாதாரணப் பயனரின் உரிமையோடு ஓடும் ஒரு நிரல், அவ்வளவுதான். அதற்குள் ஒரு மென்பொருள் விழுந்தால் டெஸ்க்டாப் சேர்ந்து விழ வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் வைனைச் சரிசெய்யப் போய் நீங்கள் செய்தவை டெஸ்க்டாப்பைத் தொட்டிருக்கலாம். முதலில் டெஸ்க்டாப்பை எழுப்புவோம், வைன் அப்புறம்.

இங்கே கட்டளைகளைத் தமிழில் ஒலித்து எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு.

லாகின் பக்கம் நிற்கும்போது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புப் பின்னணியில் எழுத்து மட்டும் உள்ள ஒரு திரை வரும். பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுங்கள். கடவுச்சொல் தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, அது இயல்புதான். உள்ளே போக முடிந்தால் லினக்ஸின் மையமான கர்னல் எழும்புகிறது, டிஸ்கைப் படிக்க முடிகிறது, விசைப்பலகையும் கடவுச்சொல்லும் சரி என்று சொல்லலாம். படத்திரை எழும்பும் இடத்தில்தான் ஏதோ தடுக்கிறது. மின்ட்டில் பழைய திரைக்குத் திரும்ப, பெரும்பாலும் எஃப்3க்குப் பதில் எஃப்7.

அந்த எழுத்துத் திரையில் நான் முதலில் பார்ப்பது டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று. ‘டிஎஃப்’ என்று தட்டி, இடைவெளி விட்டு, ‘-எச்’ சேர்த்தால் ஒவ்வொரு பார்ட்டிஷனும் (டிஸ்கின் பிரிவு) எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும். வெறும் சாய்கோட்டால் குறிக்கப்பட்ட வரியில் நூறு சதவீதம் என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. டெஸ்க்டாப் தொடங்கும்போது ஹோம் கோப்புறையில் சில சின்னக் கோப்புகளை எழுதியாக வேண்டும். எழுத இடமில்லையென்றால் சத்தமில்லாமல் வெளியேறிவிடும். நமக்குத் தெரிவது மறுபடியும் லாகின் பக்கம். எழுத்துத் திரை அப்படி எதையும் எழுத வேண்டியதில்லை என்பதால் அது மட்டும் திறக்கிறது. ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. வழக்கமாக மொத்த இடத்தில் 5 சதவீதத்தை ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும். அதனால் ரூட்டால் எழுத முடியும், உங்களால் முடியாது என்ற விநோத நிலை வரும்.

பழைய மடிக்கணினியில் இடம் எங்கே போகும்? மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்ற கருவி கணினியின் நிலையை அவ்வப்போது நகல் எடுத்து வைக்கும். நல்ல கருவிதான், ஆனால் சின்ன டிஸ்கில் அதே பார்ட்டிஷனிலேயே நகல்களைச் சேர்க்கும்படி அமைத்திருந்தால் மெல்ல மெல்ல நிரப்பிவிடும். பழைய நகல்களை அதன் வழியாகவே நீக்குங்கள், கோப்புறையைக் கையால் அழிக்காதீர்கள். ‘சூடோ ஏபிடி கிளீன்’ என்ற கட்டளை இறக்கி வைத்த நிறுவல் கோப்புகளைத் துடைக்கும். வைன் கோப்புறைகளும் லேசானவை அல்ல. டாட்நெட் போன்ற விண்டோஸ் துணைத் தொகுப்புகளைச் சேர்த்துவிட்டால் ஒவ்வொன்றும் ஜிபி கணக்கில் போகும்.

இடம் இருக்கிறது என்றால் அடுத்த சந்தேகம் சூடோ. உங்கள் கேள்வியைப் படித்தவுடன் என் மனம் இங்கேதான் போனது. படத்திரை நிரல் ஒன்றைச் சூடோவோடு ஓட்டினால், உங்கள் ஹோம் கோப்புறைக்குள் இருக்கும் சில கோப்புகளின் உரிமை ரூட்டின் பெயருக்கு மாறிப்போகும் வாய்ப்பு உண்டு. அதில் கெட்ட பெயர் எடுத்தது ‘.எக்ஸ்அத்தாரிட்டி’ என்ற கோப்பு. முன்னால் ஒரு புள்ளி, அடுத்து வரும் எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து. திரையைப் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி உண்டு என்பதற்கான சீட்டு அது. அந்தச் சீட்டு ரூட்டின் பெயரில் இருந்தால் உங்கள் டெஸ்க்டாப்பால் அதைப் படிக்க முடியாது. வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். ‘எல்எஸ்’ கட்டளையோடு ‘-எல்ஏ’ சேர்த்துத் தட்டுங்கள். வரும் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ரூட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு புள்ளி மட்டும் உள்ள வரியில் ரூட் இருப்பது சரிதான், அதை விட்டுவிடுங்கள். வேறு கோப்பு எதிலாவது ரூட் இருந்தால் உரிமையை மாற்ற சி, எச், ஓ, டபிள்யூ, என் என்ற ஐந்து எழுத்துக் கட்டளை இருக்கிறது. அதற்கு மட்டும் சூடோ தேவை. எக்ஸ்அத்தாரிட்டி கோப்பை வேறு பெயருக்கு மாற்றிவிட்டாலும் போதும், அடுத்த லாகினில் அதுவே புதிதாக உருவாகிவிடும்.

இந்த விஷயத்தில் எனக்குச் சூடு பட்ட கதை ஒன்று உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் இதே போன்ற ஒரு கணினியைப் பார்த்து, யோசிக்காமல் இயங்குதளத்தை அடியோடு மறுபடி நிறுவினேன். ஹோம் தனிப் பார்ட்டிஷனில் இருந்ததால் அதை அப்படியே விட்டுவைத்தேன். ஒரு மதியம் முழுக்கப் போனது. கடைசியில் லாகின் செய்தால் அதே பழுது, அதே இருட்டு. கெட்டுப்போன கோப்பு ஹோமில் அல்லவா இருந்தது! நான் மாற்றியதெல்லாம் நன்றாக இருந்த பகுதியைத்தான்.

அன்றிலிருந்து எந்த டெஸ்க்டாப் பழுதுக்கும் ஒரு சோதனையை விடாமல் செய்கிறேன். எழுத்துத் திரையில் ‘சூடோ ஆட்யூசர்’ என்று தட்டி, பக்கத்தில் ஒரு புதுப் பெயரைக் கொடுத்து, இன்னொரு பயனரை உருவாக்குகிறேன். படத்திரைக்கு வந்து அந்தப் பெயரில் லாகின் செய்து பார்க்கிறேன். புதியவர் உள்ளே போகிறார் என்றால் கோளாறு உங்கள் ஹோம் கோப்புறையில். இயங்குதளத்தைத் தொட வேண்டாம். அவரும் போக முடியவில்லை என்றால் கோளாறு பொதுவான இடத்தில்: கிராஃபிக்ஸ் டிரைவர், கர்னல், அல்லது டெஸ்க்டாப் நிரலே பாதியில் நின்ற அப்டேட்டால் உடைந்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை, ஆனால் தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். டிஸ்க் நிரம்பியிருந்தால் மட்டும் புதியவரும் மாட்டிக்கொள்வார். இடத்தை முதலில் பார்க்கச் சொன்னது அதனால்தான்.

புதியவரும் போக முடியாவிட்டால் கணினியை மறுபடி தொடங்குங்கள். தொடங்கும்போது ஷிஃப்ட்டை அழுத்திப் பிடியுங்கள். யூஈஎஃப்ஐ உள்ள, கொஞ்சம் புதிய கணினிகளில் எஸ்கேப். எதில் தொடங்குவது என்று கேட்கும் கிரப் பட்டியல் வரும். அதில் ‘அட்வான்ஸ்டு’ என்ற வரிக்குள் போனால் முந்தைய கர்னல்கள் இருக்கும். பழைய கர்னலில் டெஸ்க்டாப் வந்துவிட்டால் அப்டேட்தான் காரணம் என்பது உறுதி. என்விடியா அட்டை உள்ள கணினிகளில் இது அடிக்கடி நடக்கும். அதன் டிரைவர் ஒவ்வொரு கர்னலுக்கும் பொருந்தும்படி தனியாக அமைய வேண்டும்; புதுக் கர்னல் வந்து டிரைவர் உடன் வராவிட்டால் திரை எழும்பாது. செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பு இயக்கத்தில் இருந்தால் கையொப்பம் இல்லாத டிரைவரைக் கர்னல் ஏற்க மறுப்பதும் உண்டு. இன்டெல், ஏஎம்டி அட்டைகளின் டிரைவர் கர்னலோடு சேர்ந்தே வருவதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. உங்கள் மடிக்கணினியில் எந்த அட்டை என்று நீங்கள் எழுதவில்லை, ஆகவே இதற்கு மேல் இதில் ஊகம் செய்ய மாட்டேன்.

லாக்கை, அதாவது கணினி எழுதி வைக்கும் நடப்புப் பதிவை, பார்க்கச் சொல்லி நிறையப் பேர் அறிவுரை சொல்வார்கள். நானும் சொல்வேன், ஆனால் கடைசியில். ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையோடு ‘-பி’ என்ற குறியைச் சேர்த்தால் இந்த முறை பூட் ஆனதிலிருந்து நடந்தது எல்லாம் வரும். அதில் நன்றாக ஓடும் கணினியிலும் சிவப்பு எழுத்தில் பத்துப் பதினைந்து வரி இருக்கும். கணினியின் அடிப்படை மென்பொருளான பயாஸ் பற்றிய புலம்பல்கள் பாதி. முதல்முறை பார்ப்பவர் அதைத் துரத்திக்கொண்டு போய் ஒரு வாரம் வீணாக்கிவிடுவார். நீங்கள் லாகின் செய்ய முயன்ற அந்த நிமிடத்துக்கு உரிய வரிகளை மட்டும் படியுங்கள். ஹோமில் ‘.எக்ஸ்செஷன்-எர்ரர்ஸ்’ என்று ஒரு கோப்பு இருக்கும், அது இன்னும் நேராக விஷயத்துக்கு வரும்.

சரி, டெஸ்க்டாப் வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு வைனுக்கு வருகிறேன். வைன் என்பது விண்டோஸின் நகல் அல்ல, கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினியும் அல்ல. விண்டோஸ் நிரல் “இந்தக் கோப்பைத் திற, இந்த ஜன்னலை வரை” என்று கேட்கும்போது, அந்தக் கோரிக்கையை லினக்ஸுக்குப் புரியும் கோரிக்கையாக மாற்றிக் கொடுக்கும் இடையாள். 1993இல் தொடங்கிய பணி, 1.0 என்ற பதிப்பு எண்ணைத் தொட 2008 ஆனது. பதினைந்து ஆண்டு! விண்டோஸில் இருக்கும் ஆயிரக்கணக்கான கோரிக்கைகளை, உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க முடியாமல், வெளியிலிருந்து கவனித்தே திரும்ப எழுத வேண்டியிருந்தது. அதனால்தான் ஒரு மென்பொருள் அட்டகாசமாக ஓடும், அதன் அடுத்த பதிப்பு எழவே எழாது. புதுப் பதிப்பு இன்னும் எழுதப்படாத ஒரு கோரிக்கையைக் கேட்டிருக்கும்.

உங்களுடையது ஒரு கணம் தோன்றி மறைகிறது என்கிறீர்கள். அது நல்ல அறிகுறி என்றே நினைக்கிறேன். நிரல் ஏறியிருக்கிறது, ஓடத் தொடங்கியிருக்கிறது, எதையோ தேடிக் கிடைக்காமல் நின்றிருக்கிறது. எதைத் தேடியது என்று தெரிய, ஐகானைச் சொடுக்காமல் டெர்மினல் என்ற கட்டளை ஜன்னலிலிருந்து ஓட்டுங்கள்: ‘வைன்’ என்று தட்டி, பக்கத்தில் அந்த எக்ஸீ கோப்பின் பாதை. சூடோ வேண்டாம். வைனுக்குச் சூடோ எப்போதுமே வேண்டாம். வரிவரியாகக் கொட்டும். ‘ஃபிக்ஸ்மி’ என்று தொடங்குபவற்றைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வைனை எழுதுகிறவர்கள் தங்களுக்கே எழுதிக்கொண்ட குறிப்புகள் அவை, நன்றாக ஓடும் மென்பொருளிலும் வரும். ‘எர்’ என்று தொடங்கும் வரிகளில் ஏதாவது ஒரு டிஎல்எல் கோப்பின் (விண்டோஸ் நிரல்கள் பயன்படுத்தும் துணைக் கோப்பு) பெயரும், கிடைக்கவில்லை என்ற சொல்லும் இருக்கிறதா என்று தேடுங்கள். எம்எஸ்விசிபி140, எம்எஃப்சி140 போன்ற பெயர் வந்தால் விஷுவல் சி++ ரன்டைம் என்ற துணைத் தொகுப்பு இல்லை என்று அர்த்தம். வைன்ட்ரிக்ஸ் என்ற துணைக் கருவி அதை நிறுவித் தரும். தயவுசெய்து அந்த டிஎல்எல்லை மட்டும் ஏதாவது தளத்திலிருந்து தனியாக இறக்கி ஒட்டவைக்காதீர்கள். பதிப்பு பொருந்தாது, வைரஸ் இருக்கவும் கூடும்.

ஆனால் இதையெல்லாம் ஏற்கெனவே நோண்டிய அதே ‘.வைன்’ கோப்புறைக்குள் செய்யாதீர்கள். அங்கே எது யார் போட்டது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. வைன் தன் போலி சி டிரைவையும் ரெஜிஸ்ட்ரி என்ற அமைப்புப் பதிவேட்டையும் ஒரே கோப்புறைக்குள் வைத்துக்கொள்கிறது. அதைப் ப்ரிஃபிக்ஸ் என்பார்கள். ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனிப் ப்ரிஃபிக்ஸ் வைத்துக்கொள்ளலாம்; ‘வைன்ப்ரிஃபிக்ஸ்’ என்ற மாறியில் வேறு கோப்புறையின் பாதையைக் கொடுத்தால் போதும். இந்த மாறியின் பெயர் மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில். டெர்மினல் பிடிக்காதவர்களுக்கு பாட்டில்ஸ், லூட்ரிஸ் போன்ற நிரல்கள் இதே வேலையைப் பட்டன்களாக்கித் தருகின்றன. புதுப் ப்ரிஃபிக்ஸில் முதலில் ரன்டைம், பிறகு மென்பொருள் என்ற வரிசையில் நிறுவுங்கள். கெட்டுப்போனால் அந்த ஒரு கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம், மற்ற எதற்கும் பாதிப்பில்லை. அந்தக் கோப்புறை லினக்ஸ் பார்ட்டிஷனில் இருக்கட்டும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் வைத்தால், உரிமை உங்கள் பெயரில் இல்லை என்று சொல்லி வைன் மறுப்பதுண்டு.

பலர் தப்பாக நினைக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வைனுக்குள் ஓடும் நிரல் கூண்டுக்குள் இருப்பதாக நம்புகிறார்கள். வழக்கமான அமைப்பில் ‘இசட்’ டிரைவ் என்ற பெயரில் உங்கள் மொத்தக் கோப்பு மரமும் அதற்குத் தெரியும். உங்களால் எழுத முடிந்த இடத்தில் அதாலும் எழுத முடியும். ஊர் பேர் தெரியாத எக்ஸீயை லினக்ஸில்தானே ஓட்டுகிறோம் என்று ஓட்ட வேண்டாம்.

எது ஓடும், எது ஓடாது? அலுவலக வேலைக்கான பழைய, தன்னந்தனியாக இயங்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் ஓடும். விளையாட்டுகள் இப்போது வியக்கும்படி ஓடுகின்றன. 2018இல் வால்வ் நிறுவனம் புரோட்டான் என்ற பெயரில் வைனை ஸ்டீம் என்ற தன் விளையாட்டுத் தளத்துக்குள் கொண்டுவந்த பிறகு அந்தப் பக்கம் நிலைமையே மாறிவிட்டது. கர்னலுக்குள் டிரைவர் நுழைக்கும் ஏமாற்றுத் தடுப்பு உள்ள விளையாட்டுகள் மட்டும் இன்னும் அடம்பிடிக்கும். பிரின்டர் லினக்ஸில் வேலை செய்தால் வைனிலும் கிடைக்கும். சீரியல் போர்ட் கருவிகள்கூடப் பல நேரம் சரியாக வரும். ஆனால் யூஎஸ்பி டாங்கிள் என்ற சின்னச் செருகியில் உரிமம் வைத்திருக்கும் மென்பொருள், தனக்கென்று விண்டோஸ் டிரைவர் நிறுவும் மென்பொருள், பின்னணியில் பெரிய டேட்டாபேஸ் சர்வீஸ் ஒன்றை ஓட்டும் மென்பொருள் ஆகிய மூன்றிலும் என் கணிப்பு, நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பதே. கணக்கு மென்பொருள்களில் இந்த மூன்றாவது வகை நிறைய உண்டு. உங்களுடையது முதலில் ஓடியது என்பதால் அந்த வகையாக இருக்காது என்று தோன்றுகிறது, உறுதி சொல்ல மாட்டேன். வைன் திட்டத்தின் தளத்திலேயே மென்பொருள்களுக்கு பிளாட்டினத்திலிருந்து கார்பேஜ் வரை தரம் போட்ட பட்டியல் இருக்கிறது. தரத்தைவிட, எந்தத் தேதியில், எந்த வைன் பதிப்பில் சோதித்தார்கள் என்பதைப் பாருங்கள். பத்து ஆண்டு பழைய பிளாட்டினத்தை நம்பி இறங்கியவன் நான்.

இரண்டு மாலை முயன்றும் வரவில்லை என்றால் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டும் வர்ச்சுவல் மெஷினுக்குப் போய்விடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸோ கேவிஎம்மோ, இரண்டும் நல்லதே. அங்கே ஓடுவது உண்மையான விண்டோஸ் என்பதால் பொருந்துமா பொருந்தாதா என்ற கேள்வியே பெரும்பாலும் எழாது. யூஎஸ்பி டாங்கிளையும் உள்ளே இணைத்துக் கொடுக்கலாம். அதற்கு விண்டோஸ் உரிமம் வேண்டும், பயாஸில் வர்ச்சுவலைசேஷன் இயக்கத்தில் இருக்க வேண்டும், நினைவகம் 8 ஜிபியாவது இருந்தால் நல்லது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கணக்கு எழுத மட்டும் என்றால் அந்த மெஷினுக்கு இணையத்தைத் துண்டித்துவிட்டு அதையே ஓட்டலாம். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கும், விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதல் மென்பொருள் வடிவிலேயே அதைத் தருகிறது. மடிக்கணினியில் 4 ஜிபிதான் என்றால் இந்த வழி உங்களைப் பாடாய்ப் படுத்தும். அந்த நிலையில், அந்த ஒரு மென்பொருள் இல்லாமல் உங்கள் வேலை நடக்காது என்றால், விண்டோஸையும் பக்கத்தில் ஒரு பார்ட்டிஷனில் வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முயன்று பார்த்துவிட்டு மறுபடி எழுதினால் நான்கு விவரம் போதும்: ‘டிஎஃப்’ காட்டிய சதவீதம், புதுப் பயனரால் உள்ளே போக முடிந்ததா என்பது, கிராஃபிக்ஸ் அட்டையின் பெயர், மென்பொருளின் பெயரும் பதிப்பும். டெர்மினலில் வந்த ‘எர்’ வரிகளைச் சுருக்காமல் அப்படியே ஒட்டுங்கள். “ஏதோ எர்ரர் வந்தது” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.